புரதத்துக்குள் எது எதைத் தொடுகிறது: எச்சங்களின் தொடுகைகளைக் கணக்கிடுவது பற்றி

கேள்வியின் சுருக்கம்: "வேலூரில் உயிர்தகவலியல் முதுகலை படிக்கிறேன். ஹீமோகுளோபினின் கட்டமைப்புக் கோப்பை எடுத்து, எந்த அமினோ அமில எச்சம் எதனோடு தொட்டுக்கொண்டிருக்கிறது என்று கணக்கிட்டேன். ஆல்ஃபா கார்பன்களுக்கு இடையே 8 ஆங்ஸ்ட்ராம் என்று நான் வரம்பு வைத்தேன். என் தோழியோ, ஹைட்ரஜன் அல்லாத எந்த இரண்டு அணுக்களானாலும் 4.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் போதும் என்று வைத்தார். இரண்டு பட்டியல்களும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. எது சரி? இவற்றில் எவை முக்கியமான தொடுகைகள் என்று எப்படிச் சொல்வது? தோழி ஆம்பூர்க்காரர். தோலில் உள்ள கொலாஜனுக்கும் இதே முறை பொருந்துமா என்று அவர் கேட்கிறார்."

இரண்டு கணக்குகளும் சரியே. கட்டமைப்புக் கோப்பில் ஒவ்வோர் அணுவுக்கும் மூன்று ஆயத்தொலைவுகளும் வேறு சில எண்களும் இருக்கின்றனவே தவிர, யார் யாரைத் தொடுகிறார் என்ற செய்தி அதில் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. அந்தக் கோட்டை நாம்தான் போடுகிறோம். ஆகவே எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதைச் சொல்லாமல் எந்த வரம்பு சரி என்று கேட்டால் விடை கிடைக்காது. உங்கள் கேள்வியில் எனக்குக் குறையாகத் தோன்றுவது அது ஒன்றுதான். புரதத்தின் மடிப்பு வடிவத்தை விவரிக்க வேண்டுமா, ஒரு மரபணுப் பிறழ்வின் விளைவை விளக்க வேண்டுமா, இரண்டு நிலைகளுக்கு இடையே என்ன மாறுகிறது என்று காட்ட வேண்டுமா என்பதைப் பொறுத்து அளவுகோல் மாறும்.

முதலில் உங்கள் 8 ஆங்ஸ்ட்ராமை எடுத்துக்கொள்வோம். ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. புரதச் சங்கிலியில் கோக்கப்பட்ட ஒவ்வோர் அமினோ அமிலமும் ஓர் எச்சம்; முதன்மைச் சங்கிலியில் பக்கச் சங்கிலி கிளைக்கும் இடத்திலுள்ள கார்பன் ஆல்ஃபா கார்பன், அந்தப் பக்கச் சங்கிலியின் முதல் கார்பன் பீட்டா கார்பன். சங்கிலியில் அடுத்தடுத்த இரண்டு ஆல்ஃபா கார்பன்களுக்கு இடையே ஏறத்தாழ 3.8 ஆங்ஸ்ட்ராம் இருக்கும். ஆல்ஃபா சுருளில் ஒன்று விட்டு அடுத்த எச்சம் சுமார் 5.4, மூன்றாவது எச்சம் 5.0, நான்காவது எச்சம் 6.2 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் அமையும். ஐந்தாவது எச்சம்தான் 8-ஐத் தாண்டுகிறது. அதாவது சுருளின் நடுவில் உள்ள ஒவ்வோர் எச்சத்துக்கும், முன்னால் நான்கு பின்னால் நான்கு என்று எட்டுத் "தொடுகைகள்", சுருளாக இருப்பதனாலேயே கிடைத்துவிடுகின்றன. ஹீமோகுளோபின் பெரும்பகுதி சுருள்களாலேயே ஆன புரதம். எனவே உங்கள் பட்டியலின் பெரும்பங்கு "இது ஒரு சுருள்" என்ற ஒரே செய்தியை ஆயிரம் முறை திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும். வரிசையில் அருகருகே உள்ளவற்றை நீக்கிவிட்டுப் பார்ப்பது இதனால்தான் வழக்கம். கட்டமைப்புக் கணிப்புப் போட்டிகளில் பீட்டா கார்பன்களுக்கு இடையே 8 ஆங்ஸ்ட்ராம் என்று வைத்துக்கொண்டு, வரிசையில் 24 இடங்களோ அதற்கு மேலோ விலகியிருப்பவற்றை நெடுந்தொலைவுத் தொடுகை என்கிறார்கள்; பீட்டா கார்பன் இல்லாத கிளைசினுக்கு மட்டும் ஆல்ஃபா கார்பனை எடுத்துக்கொள்கிறார்கள். பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த மைக்கேல் குரோமிஹாவும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் செல்வராஜும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு, ஆல்ஃபா கார்பன்களின் 8 ஆங்ஸ்ட்ராம் வரம்பையும் வரிசையில் 12-க்கு மேற்பட்ட இடைவெளியையும் கொண்டு ஓர் எண்ணை வரையறுத்து, அது புரதம் மடியும் வேகத்தோடு எவ்வாறு இணைந்து செல்கிறது என்று காட்டியது. மடிப்பின் ஒட்டுமொத்த அமைப்பைப் பற்றிய இத்தகைய கேள்விகளுக்கு உங்கள் அளவுகோல் நன்றாகவே பயன்படும்.

பக்கச் சங்கிலி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது அதற்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். காட்பாடி ரயில் நிலைய நடைமேடையில் முதுகோடு முதுகாகப் போட்டிருக்கும் இரட்டை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கு இடையே ஒரு முழம்கூட இருக்காது. ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்திருக்கவும் மாட்டார். ஆல்ஃபா கார்பன்கள் 7 ஆங்ஸ்ட்ராமில் இருந்தும் பக்கச் சங்கிலிகள் எதிரெதிர்த் திசையில் நீண்டு, ஒன்றையொன்று தொடாமலே இருப்பதை எந்தக் கட்டமைப்பிலும் காணலாம். மறுபுறம், லைசினும் ஆர்ஜினினும் நீண்ட கை உடையவை. லைசினின் ஆல்ஃபா கார்பனிலிருந்து அதன் முனை நைட்ரஜன் வரை 6 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் நீளும். எதிரே ஒரு குளுட்டாமிக் அமிலமும் தன் கையை நீட்டியிருந்தால், உண்மையான உப்புப் பாலம் (எதிரெதிர் மின்னேற்றமுள்ள தொகுதிகளின் ஈர்ப்பு) ஒன்று உருவாகியிருக்கும்போதே ஆல்ஃபா கார்பன்கள் 10, 12 ஆங்ஸ்ட்ராம் விலகி நிற்கலாம். உங்கள் பட்டியல் அதை மொத்தமாகத் தவறவிடும். உங்கள் தோழியின் பட்டியலில் அது இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களை இந்தக் கண்ணோடு திரும்பிப் பாருங்கள். பெரும்பாலானவை இந்த இரண்டு வகைக்குள் அடங்கிவிடும்.

தோழியின் முறையிலும் ஒரு சாய்வு உண்டு. டிரிப்டோஃபான், ஆர்ஜினின், டைரோசின் போன்ற பெரிய எச்சங்களில் அணுக்கள் அதிகம் என்பதால், எதையும் செய்யாமலே அவற்றின் தொடுகை எண்ணிக்கை ஏறிவிடும். பிறகு அவற்றை "மைய எச்சங்கள்" என்று அறிக்கையில் எழுதினால், பெரியது பெரியதாக இருக்கிறது என்று சொன்னதாகவே ஆகும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சரஸ்வதி விஸ்வேஸ்வராவின் குழு புரதங்களை வலைப்பின்னல்களாக ஆராய்ந்தபோது இதற்கு ஒரு வழி செய்தது. இரண்டு எச்சங்களின் பக்கச் சங்கிலிகளுக்கு இடையே 4.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் வரும் அணு இணைகளை எண்ணி, அந்தந்த எச்ச வகைக்கு உரிய இயல்பு மதிப்புகளின் பெருக்கத்தின் வர்க்கமூலத்தால் வகுத்து, நூறால் பெருக்குவது அவர்களின் முறை. கிடைப்பது "உண்டு, இல்லை" என்ற விடைக்குப் பதிலாக ஒரு வலிமை எண். அந்த எண்ணுக்குக் கீழ்வரம்பை ஏற்றி இறக்கி, வலைப்பின்னல் எந்த இடத்தில் சிதறுகிறது என்று பார்க்கலாம். என் கருத்தில், முதுகலைத் திட்டப்பணிக்கு இதுவே மிகவும் பொருத்தமான தொடக்கம்.

அணுக்கள் அருகில் இருப்பது வேறு, அவற்றுக்கு இடையே குறிப்பிட்ட ஈர்ப்பு இருப்பது வேறு. ஹைட்ரஜன் பிணைப்பு என்று சொல்ல வேண்டுமானால், கொடுக்கும் அணுவுக்கும் ஏற்கும் அணுவுக்கும் இடையே 3.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் தொலைவும், ஏறத்தாழ நேர்கோட்டை ஒட்டிய கோணமும் வேண்டும். எக்ஸ்-கதிர்ப் படிகவியல் கோப்புகளில் ஹைட்ரஜன் அணுக்கள் பெரும்பாலும் இராது; அவற்றை நாமே சேர்த்துத்தான் கோணத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். உப்புப் பாலத்துக்கு, எதிர் மின்னேற்றமுள்ள நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே 4 ஆங்ஸ்ட்ராம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. நீரை வெறுக்கும் பக்கச் சங்கிலிகளுக்கு இடையே அணு ஆரங்களின் கூட்டுத்தொகையோடு அரை ஆங்ஸ்ட்ராம் சேர்த்துக்கொள்ளலாம். கார்பனுக்குக் கார்பன் என்றால் 1.7, 1.7, 0.5 சேர்ந்து 3.9 ஆகும். இந்த எண்களில் எதுவும் இயற்கை விதி அன்று. 3.9-இல் இருக்கும் இணை தொடுகிறது, 4.0-இல் இருக்கும் இணை தொடவில்லை என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. 2 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனுள்ள கட்டமைப்பில் அணுவின் இடத்திலேயே 0.2 ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு ஐயம் இருக்கக்கூடும். எனவே எந்த முடிவை எழுதினாலும், வரம்பை அரை ஆங்ஸ்ட்ராம் கூட்டியும் குறைத்தும் அது நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். நிற்கவில்லை என்றால் அந்த முடிவு உங்கள் வரம்பைப் பற்றியதே ஒழிய புரதத்தைப் பற்றியது அன்று.

மேல்வரம்பைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். கீழ்வரம்பைப் பற்றிய சிந்தனை நம் ஊர்ப் பக்கத்திலேயே நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் கொலாஜனுக்கு மூன்று இழை அமைப்பை முன்வைத்தார்கள். அவர்களின் திருத்திய மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று டி.என்.ஏ. அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கின் தரப்பிலிருந்து மறுப்பு எழுந்தது. அப்படியானால் இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம்தான் நெருங்கலாம் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, அதுவரை வெளிவந்திருந்த சிறு மூலக்கூறுப் படிகங்களின் அளவுகளைத் திரட்டினார் ராமச்சந்திரன். கார்பனுக்கும் கார்பனுக்கும் இயல்பு வரம்பு 3.2, கடைசி வரம்பு 3.0 ஆங்ஸ்ட்ராம் என்பதுபோல ஒவ்வோர் இணைக்கும் இரண்டு எண்கள் வைத்துக்கொண்டு, ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரோடு 1963-இல் வெளியிட்டதுதான் புரதத்தின் முதன்மைச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும், இன்று உலகமெங்கும் பாடமாக இருக்கும் ராமச்சந்திரன் வரைபடம். உங்கள் பட்டியலில் பிணைப்பில்லாத இரண்டு கார்பன்கள் 2.8 ஆங்ஸ்ட்ராமில் நின்றால், அதை வலிமையான தொடுகை என்று கொண்டாடாதீர்கள். பெரும்பாலும் அது மாதிரி அமைத்தவரின் பிழையாகவோ, ஒரே எச்சத்துக்கு இரண்டு மாற்று நிலைகள் கோப்பில் இருப்பதைக் கவனியாமல் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டதாகவோ இருக்கும்.

அமிலத்தன்மையையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஹீமோகுளோபின் மூலக்கூறில் ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு என்று நான்கு சங்கிலிகள். ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலியின் கடைசி எச்சமான 146-ஆம் ஹிஸ்டிடின், அதே சங்கிலியின் 94-ஆம் அஸ்பார்ட்டிக் அமிலத்தோடு உப்புப் பாலம் அமைக்கிறது. அந்த ஹிஸ்டிடின் ஒரு புரோட்டானை ஏற்றிருந்தால்தான் அது பாலம்; ஏற்காதபோது ஆயத்தொலைவுகள் அப்படியே இருந்தாலும் பாலம் என்ற பெயர் பொருந்தாது. திசுக்களில் அமிலத்தன்மை கூடும்போது ஹீமோகுளோபின் ஆக்சிஜனை எளிதில் விட்டுவிடுவதற்கு இந்தப் பாலமும் ஒரு காரணம். இதே வேதியியலை ராணிப்பேட்டை, ஆம்பூர் டேனரிகளில் தினமும் செய்கிறார்கள். பிக்கிள் செய்யும்போது அமிலத்தில் தோலை வைத்திருப்பதால் கொலாஜனின் கார்பாக்சில் தொகுதிகள் புரோட்டானை ஏற்று மின்னேற்றம் இழந்துவிடுகின்றன. குரோமியம் உடனே ஒட்டிக்கொள்ளாமல் தோலின் நடுப்பகுதி வரை ஊடுருவுகிறது. பிறகு சோடியம் பைகார்பனேட் போன்ற காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அமிலத்தன்மையைக் குறைத்ததும் அந்தத் தொகுதிகள் மீண்டும் மின்னேற்றம் பெற்றுக் குரோமியத்தைப் பிடித்துக்கொள்கின்றன. எந்த அமிலத்தன்மையில் படிகம் வளர்க்கப்பட்டது என்பது பெரும்பாலும் கட்டமைப்புக் கோப்பின் தலைப்பகுதியில் எழுதப்பட்டிருக்கும். அதைப் பார்க்காமல் உப்புப் பாலங்களை எண்ண வேண்டாம்.

இனி, கணக்கிடுவதற்கு முன்பே வழுக்கிவிடும் இடங்கள். ஹீமோகுளோபினுக்கு வழக்கமாக எடுக்கப்படும் கோப்புகளில் 4எச்எச்பி (4HHB) என்ற குறியீடு கொண்டது ஆக்சிஜன் இல்லாத நிலை, 1.74 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறன். நான்கு சங்கிலிகளும் கோப்பிலேயே இருக்கும். 1எச்எச்ஓ (1HHO) ஆக்சிஜன் ஏற்ற நிலை, 2.1 ஆங்ஸ்ட்ராம். ஆனால் இந்தக் கோப்பில் ஓர் ஆல்ஃபா, ஒரு பீட்டா என்று இரண்டு சங்கிலிகளே இருக்கின்றன. மற்றப் பாதி படிகச் சமச்சீரால் கிடைப்பது. இரண்டு கோப்புகளையும் அப்படியே இறக்கி ஒப்பிட்டால், ஆக்சிஜன் ஏற்றதும் ஹீமோகுளோபினின் ஒரு முழு இடைமுகமே காணாமல் போவதாகத் தோன்றும். வரைபடமும் அழகாக வரும், ஆனால் முற்றிலும் பொய். இந்தக் கோப்புகளை வைத்திருக்கும் புரதத் தரவு வங்கியில் "உயிரியல் தொகுப்பு" என்று தனியாகத் தரப்படும் கோப்பை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. அதேபோல், அமினோ அமிலங்களை மட்டும் எடுத்துக்கொள்ளும் நிரல் இரும்பைத் தாங்கும் ஹீம் தொகுதியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஆல்ஃபா 87, பீட்டா 92 ஆகிய ஹிஸ்டிடின்கள் இரும்பைப் பிடித்திருப்பதே பட்டியலில் வராது என்றால், ஹீமோகுளோபினைப் பற்றிய அந்தப் பட்டியலால் என்ன பயன்? சங்கிலியின் எழுத்தையும் எண்ணோடு சேர்த்தே எப்போதும் எழுதுங்கள். ஆல்ஃபா 87 ஹிஸ்டிடின், பீட்டா 87 திரியோனின். வெறும் "87" என்று எழுதிய அட்டவணையில் இரண்டும் ஒன்றாகிவிடும். அஸ்பராஜின், குளுட்டமின் பக்கச் சங்கிலிகளின் நுனியில் ஆக்சிஜனும் நைட்ரஜனும் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருக்கவும் வாய்ப்புண்டு. மால்புரோபிட்டி போன்ற கருவி அதைச் சுட்டிக்காட்டும்.

எந்தத் தொடுகை முக்கியம் என்ற உங்கள் இரண்டாம் கேள்விக்கு, பொதுவாகப் பேசுவதைவிட ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்பதே நல்லது. அரிவாள் செல் நோயையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் இது முதன்முதலாக 1952-இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் பதிவு செய்யப்பட்டது. ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் பகுதிகளிலும் பரவலாக உள்ளது. அந்தத் திசையிலிருந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு எவ்வளவு பேர் வைத்தியத்துக்கு வருகிறார்கள் என்பதை காந்தி ரோட்டு விடுதிகளின் வங்காள, இந்திப் பெயர்ப்பலகைகளே சொல்லும்.

இந்நோயில் பீட்டா சங்கிலியின் 6-ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் போய் வாலின் வருகிறது. எண்ணிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. மரபணுத் தரவுத்தளங்கள் முதல் மெத்தியோனினையும் சேர்த்து எண்ணுவதால் இதை 7-ஆம் இடம் என்று குறிக்கின்றன. கட்டமைப்புக் கோப்பு அந்த மெத்தியோனினை எண்ணுவதில்லை. 4எச்எச்பி கோப்பில் பீட்டா 6, பீட்டா 7 இரண்டுமே குளுட்டாமிக் அமிலங்கள். எனவே ஓரிடம் தவறி 7-ஐப் பார்த்தாலும் எதிர்பார்த்த எச்சமே கண்ணில் படும், பிழை பிடிபடாது. அந்த 7-ஐச் சுற்றியுள்ள தொடுகைகளை வைத்து முழு அத்தியாயமே எழுதிவிட முடியும்.

சரியான 6-ஐ எடுத்து, இயல்பு ஹீமோகுளோபினுக்கும், இந்நோயில் உள்ள ஹீமோகுளோபின் எஸ்-க்கும் நான்கு சங்கிலிகளுக்குள் மட்டும் தொடுகைகளைக் கணக்கிட்டு ஒப்பிட்டால், குறிப்பிடும்படி ஒன்றும் மாறியிருக்காது. 8 ஆங்ஸ்ட்ராம் ஆல்ஃபா கார்பன் வரைபடத்தில் நோய் தெரியவே தெரியாது. பீட்டா 6 மூலக்கூறின் வெளிப்பரப்பில், நீரைப் பார்த்துக்கொண்டு நிற்கும் எச்சம். அதற்கு உள்ளே முக்கியமான உறவு எதுவும் இல்லை. நோய் இருப்பது ஒரு மூலக்கூறுக்கும் இன்னொரு மூலக்கூறுக்கும் இடையே. 2எச்பிஎஸ் (2HBS) என்ற கோப்பு, ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் எஸ்-இன் 2.05 ஆங்ஸ்ட்ராம் கட்டமைப்பு. அதில் இரண்டு முழு மூலக்கூறுகள், அதாவது எட்டுச் சங்கிலிகள் உள்ளன. வழக்கமாகப் படிகத்தில் பக்கத்து மூலக்கூறோடு ஏற்படும் தொடுகைகளைச் செயற்கையானவை என்று தள்ளிவிடச் சொல்வோம். இங்கோ அந்தப் படிகத்தில் மூலக்கூறுகள் இரட்டை இழையாக அடுக்கப்பட்டிருக்கும் விதமே, சிவப்பணுவுக்குள் உருவாகும் நாரின் அடிப்படை அலகாகக் கருதப்படுகிறது. எட்டுச் சங்கிலிகளுக்குள்ளும் அருகிலுள்ள சமச்சீர்ப் பிரதிகளிலும் சேர்த்து, நான்கு வாலின் 6-களையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு வாலின்களில் ஒன்றுதான் பக்கவாட்டு இழையின் பீட்டா சங்கிலியிலுள்ள குழி ஒன்றில் போய்ச் செருகியிருக்கும். அந்தக் குழியின் சுவர்கள் அலனின் 70, ஃபீனைல் அலனின் 85, லூசின் 88. மூன்றும் நீரை வெறுப்பவை. மின்னேற்றமுள்ள குளுட்டாமிக் அமிலம் அந்தக் குழிக்குள் போக விரும்பாது. வாலினுக்கோ அது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. ஆக்சிஜன் ஏற்ற வடிவத்தில் குழியின் அமைப்பு மாறிவிடுவதால் வாலின் அவ்வாறு பொருந்துவதில்லை; ஆக்சிஜன் குறைந்த இடத்தில்தான் செல் அரிவாளாக வளைவதற்கு இதுவே காரணம்.

அந்தச் சிறிய வட்டாரத்தையே இன்னும் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். ஃபீனைல் அலனின் 85-க்கும் லூசின் 88-க்கும் நடுவில் திரியோனின் 87 இருக்கிறது. கருவில் இருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபினில் பீட்டாவுக்குப் பதிலாக காமா சங்கிலி உண்டு. அதில் 87-ஆம் இடத்தில் குளுட்டமின். கருநிலை ஹீமோகுளோபின் நாராகத் திரள்வதைத் தடுப்பதற்கு இந்தக் குளுட்டமினும் முக்கியக் காரணம். இதைப் பயன்படுத்தி, 87-இல் குளுட்டமின் வைத்த பீட்டா மரபணுவைச் செலுத்தும் சிகிச்சையை உருவாக்கினார்கள். அமெரிக்காவில் அது 2022-இல் தலசீமியாவுக்கும், 2023 டிசம்பரில் அதே மரபணு வடிவத்தைக் கொண்ட இன்னொரு மருந்து அரிவாள் செல் நோய்க்கும் அனுமதி பெற்றன. ஒரு தொடுகையின் ஓரத்தில் நிற்கும் ஓர் எச்சத்தை மாற்றுவதே மருந்தாகிவிட்டது. எத்தனை தொடுகைகள் உள்ள எச்சம் பெரிது என்று வரிசைப்படுத்தும் எந்த அட்டவணையிலும் பீட்டா 6-ஓ பீட்டா 87-ஓ முதலிடத்துக்கு வராது. எண்ணிக்கையை முக்கியத்துவம் என்று எடுத்துக்கொள்வதை நான் இதனால்தான் ஏற்பதில்லை.

எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் முக்கியத்துவம் வெளிப்படும். ஆக்சிஜன் இல்லாத நிலைக்கும் உள்ள நிலைக்கும் வேறுபாட்டு வரைபடம் போடுங்கள். இரண்டிலும் உள்ள தொடுகைகளை அழித்துவிட்டு, ஒன்றில் மட்டும் இருப்பவற்றை வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் மளமளவென்று சுருங்கும். ஆல்ஃபா 42-ஆம் டைரோசினுக்கும் எதிர்ப் பாதியின் பீட்டா 99-ஆம் அஸ்பார்ட்டிக் அமிலத்துக்கும் உள்ள ஹைட்ரஜன் பிணைப்பு ஆக்சிஜன் இல்லாத நிலையில் மட்டும் நிற்கும். ஆக்சிஜன் ஏற்ற நிலையில் அதற்குப் பதிலாக ஆல்ஃபா 94-ஆம் அஸ்பார்ட்டிக் அமிலமும் பீட்டா 102-ஆம் அஸ்பராஜினும் கைகோர்த்திருக்கும். உங்கள் நிரல் இந்த இரண்டையும் கண்டுபிடிக்கிறதா என்று முதலில் சோதியுங்கள். பாடநூலில் உள்ளதைக் காணாத நிரல் புதிதாகக் காட்டுவதை நம்ப வேண்டியதில்லை. பிறகு, தரவு வங்கியில் ஹீமோகுளோபினுக்கு நூற்றுக்கணக்கான கட்டமைப்புகள் இருப்பதால், ஒரே நிலையில் உள்ள பலவற்றில் அந்தத் தொடுகை திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். ஒரு படிகத்தில் மட்டும் வருவது அந்தப் படிகத்தின் சொந்தக் கதையாக இருக்கலாம்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நான்கு சங்கிலிகளிலும் சேர்ந்து 574 எச்சங்கள். எல்லா இணைகளையும் எடுத்தாலும் 1,64,451. சாதாரண மடிக்கணினிக்கு இது ஒரு பொருட்டன்று. பயோபைத்தானில் அருகிலுள்ள அணுக்களைத் தேடும் வசதி உள்ளது. அரைப் பக்க நிரல் போதும். பிணைப்பு வகைகளைப் பிரித்துச் சொல்ல 'ரிங்', 'ஆர்பெஜியோ' போன்றவை உள்ளன, இடைமுகங்களுக்கு 'பைசா'. எதைப் பயன்படுத்தினாலும், கிடைக்கும் முதல் இருபது தொடுகைகளையாவது பைமாலிலோ கைமெராஎக்ஸிலோ திறந்து கண்ணால் பாருங்கள். அணுக்களின் அசைவைக் கணினியில் பின்தொடரும் மூலக்கூறு இயக்க உருவகப்படுத்துதல் செய்தால், ஒரு தொடுகை எத்தனை விழுக்காடு நேரம் நிலைத்தது என்று எழுதலாம். ஒரு கூர்மையான வரம்பில் உள்ளே வெளியே என்று துள்ளும் தொடுகைகளுக்கு அது நேர்மையான விடை. ஆல்ஃபாஃபோல்டு தரும் கணிப்புக் கட்டமைப்புகளிலும் தொடுகைகளைக் கணக்கிடலாம். ஆனால் இரண்டு பகுதிகளுக்கு இடையிலான நம்பிக்கை குறைவு என்று அதன் பிழை அட்டவணையே சொல்லும் இடங்களில் கிடைக்கும் தொடுகைகளை நீக்கிவிட வேண்டும்.

ஆம்பூர்த் தோழியின் கேள்விக்கு வருகிறேன். கொலாஜனுக்கு இதே நிரலை அப்படியே ஓட்டினால் ஏமாற்றமே மிஞ்சும். ஒவ்வோர் இழையும் நீண்டு விரிந்து, எச்சத்துக்கு ஏறத்தாழ 2.9 ஆங்ஸ்ட்ராம் என்ற கணக்கில் நேராகப் போகிறது. அது எங்கும் தன்மேல் மடிவதில்லை. ஒரே சங்கிலிக்குள் 12 இடங்களுக்கு மேல் விலகிய தொடுகை என்று தேடினால் பட்டியல் வெறுமையாக வரும். அங்கே எல்லாமே இழைக்கும் இழைக்கும் நடுவில். ஒவ்வொரு மூன்றாம் எச்சமும் கிளைசின் என்பதால் பீட்டா கார்பன் அளவுகோலும் அங்கே தடுமாறும். மூன்று இழைகளின் நடு அச்சில் கிளைசினுக்கு மட்டுமே இடம் உண்டு. அதன் நைட்ரஜனில் உள்ள ஹைட்ரஜன் பக்கத்து இழையின் கார்பனைல் ஆக்சிஜனோடு பிணைந்து நிற்கிறது. எனவே இழைகளுக்கு இடையே முதன்மைச் சங்கிலி அணுக்களின் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தனியாகவும், பக்கச் சங்கிலிகளின் தொடுகைகளைத் தனியாகவும் கணக்கிடச் சொல்லுங்கள்.

தோலிலுள்ள கொலாஜன் ஒவ்வோர் இழையிலும் ஆயிரத்தை ஒட்டிய எச்சங்கள் கொண்டது. முழு மூலக்கூறைப் படிகமாக்கி அணு அளவில் காண்பது நடைமுறையில் இயலாததால், சிறு மாதிரிப் பெப்டைடுகளையே பயன்படுத்துகிறார்கள். தோழி 1சிஏஜி (1CAG) என்ற கோப்பில் தொடங்கலாம். 1994-இல் வெளிவந்த அந்தக் கட்டமைப்பில் மூன்று இழைகள், இழைக்கு 30 எச்சங்கள். நடுவில் 15-ஆம் இடத்தில் மட்டும் கிளைசினுக்குப் பதில் அலனின் வைக்கப்பட்டிருக்கிறது. அலனினின் ஒரு மெத்தில் தொகுதிக்கு இடம் கொடுப்பதற்காக இழைகள் அங்கே சற்று விலகுகின்றன, நேரடி ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுந்துபோகின்றன, அந்த இடைவெளியில் நீர் மூலக்கூறுகள் புகுந்து இரு பக்கத்தையும் இணைக்கின்றன. பெரும்பாலான நிரல்கள் நீரை முதல் வரியிலேயே நீக்கிவிடும்; அப்படிச் செய்தால் இந்த இணைப்புகள் ஒன்றுகூடப் பட்டியலில் இராது. ஆகவே முதலில் நீரோடு ஒருமுறை, நீரில்லாமல் ஒருமுறை கணக்கிட்டு, 15-ஐச் சுற்றிலும் என்ன மாறுகிறது என்று பார்க்கட்டும். ஆவாரம்பட்டை, கடுக்காய்ச் சாற்றிலுள்ள பாலிஃபீனால்களும் கொலாஜனோடு பெரிதும் ஹைட்ரஜன் பிணைப்புகளாலேயே சேர்கின்றன என்பதால், அவற்றைக் கணினியில் பொருத்திப் பார்க்கும் எண்ணம் அவருக்கு இருந்தால், நீரை வைத்துக்கொள்வதா நீக்குவதா என்ற முடிவை அந்த ஒப்பீட்டைப் பார்த்த பிறகே எடுக்க வேண்டியிருக்கும். குரோமியத்தைப் பொறுத்தவரை, பிடித்துக்கொள்ளும் அஸ்பார்ட்டிக், குளுட்டாமிக் அமிலங்களே 1சிஏஜி பெப்டைடின் வரிசையில் இல்லை. அதற்கு மின்னேற்றமுள்ள எச்சங்களைச் சேர்த்து வடிவமைத்த வேறு கொலாஜன் மாதிரிப் பெப்டைடுகளைத் தரவு வங்கியில் அவர் தேட வேண்டும்.